ஒன்பது விதைக்கற்கள்

பிப்ரவரி 3

தம்பிக்கு,

தெரிந்தே எனக்கு ஒரு கெடுதல் செய்திருக்கிறாய். உன் மீன் தொட்டியில் குமிழிப் பாசி இருக்கிறது. இருப்பது உனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தத் தொட்டியிலிருந்து ஒரு பவளத் துண்டை வெட்டி, டப்பாவில் போட்டு, உன் மனைவி கையில் கொடுத்து அனுப்பினாய். இப்போது என் தொட்டியிலும் குமிழிப் பாசி. இன்று காலை எண்ணினேன். பதினொன்று.

தெரியாது என்று சொல்லிவிடாதே. நேற்று உன் மனைவி போன் செய்தபோது, "பாறை மேல பச்சையா மணி மாதிரி என்னமோ ஒட்டிக்கிட்டு இருக்கு" என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அவள் வெள்ளந்தியாக, "அட, அதுவா அண்ணி? எங்க வீட்லயும் இருக்கே! ஞாயித்துக்கிழமை ஆனா இவரு கொக்கிய எடுத்துக்கிட்டு தொட்டி முன்னால உக்காந்துருவாரு. ஒரு வருஷமா இதே வேலைதான்" என்றாள். ஒரு வருஷம்! அவளைத் திட்டாதே. உன் வீட்டில் உண்மை பேசுகிற ஆள் அவள் ஒருத்திதான்.

பதினான்கு வருஷமாக இந்தக் கடல்நீர்த் தொட்டியை வைத்திருக்கிறேன். நான் எட்டாவதோடு நின்றவள். உப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு, எந்தப் பவளம் எதன் பக்கத்தில் இருந்தால் செத்துப்போகும் என்று எனக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. பவளங்களைச் சாகவிட்டுச் சாகவிட்டு நானாகக் கற்றுக்கொண்டேன். அந்த ஊதாப் பவளம் வந்தபோது என் கட்டைவிரல் நகம் அளவு. இன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டு அளவு. அதன் அடியில்தான் இப்போது நாலு மணி ஒட்டிக்கொண்டிருக்கிறது, சட்டையில் பொத்தான் தைத்த மாதிரி. விட்டால் பெருகிப் பவளத்தையே மூடிச் சாகடித்துவிடும். முப்பத்தொரு வருஷம் தையல் ஃபாக்டரியில் செக்கராக இருந்தவள் நான். வெளியே போகிற ஒவ்வொரு சட்டையையும் உள்பக்கம் புரட்டிப் பார்த்து அனுப்பியவள். என் கண்ணுக்குத் தப்பாது.

நீ அனுப்பிய துண்டை நான் அப்படியே போடவில்லை. மருந்துத் தண்ணீரில் முக்கி, பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்து, மூன்று வாரம் தனி வாளியில் வைத்துத்தான் தொட்டியில் இறக்கினேன். அப்படியும் வந்துவிட்டது. துண்டு ஒட்டியிருந்த அடிக்கல்லின் பொடிக் குழியில் எங்கேயோ ஒளிந்திருக்க வேண்டும். அதைப் பார்த்து அனுப்ப வேண்டியவன் நீ.

மார்ச் 17ஆம் தேதி நம் கடல்தொட்டிச் சங்கத்தின் துண்டு மாற்று நாள். நாற்பது பேர் வருவார்கள். ஆளுக்கு நாலு துண்டு கொண்டுவந்து, நாலு துண்டு வாங்கிப் போவார்கள். சங்கத்தின் செயலாளர் நீ. முதல் மேசையே உன்னுடையதுதான். உன் துண்டு நாற்பது வீட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தாயா?

பதில் எழுது. பேனாவால் எழுது. போனில் நீ ஏதாவது வேடிக்கை பேசி என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய், விஷயம் அப்படியே போய்விடும். அதனால் போனை எடுக்க மாட்டேன்.

அக்கா

---

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

உன் கடிதத்தைத் தபால்காரர் நீட்டியபோது ஏதோ கோர்ட்டு சம்மன் வந்துவிட்டது என்று இவள் பயந்துபோனாள். பிரித்துப் பார்த்தால் சம்மனே தேவலை.

ஒரு பெரியவருக்கு மேல் வரிசைப் பல்செட் வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். ஒரு கையில் மெழுகும் ஒரு கையில் பேனாவுமாக எழுதுகிறேன். எழுத்தில் மெழுகு ஒட்டியிருந்தால் அதற்கும் என்னைத் திட்டாதே.

ஆமாம் அக்கா, என் தொட்டியில் ஒன்றிரண்டு இருக்கிறது. இல்லை என்று சொல்லவில்லை. பாசியே இல்லாத தொட்டி எந்த வீட்டில் இருக்கிறது? நான் வாராவாரம் எடுத்துவிடுகிறேன். உனக்கு அனுப்பிய துண்டின் அடிக்கல்லை நானே சுரண்டித்தான் அனுப்பினேன். பல்லில் காரை எடுக்கிற கை இது. இதற்கு மேல் யாராலும் சுரண்ட முடியாது. அப்படியும் ஏதாவது போயிருந்தால் மன்னித்துவிடு. வேண்டுமென்று செய்வேனா?

எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது என்பதை எல்லாம் இப்போது விட்டுவிடுவோம். அதனால் யாருக்கும் லாபமில்லை. உன் பதினொன்றை எப்படி எடுப்பது என்று மட்டும் பார்ப்போம். புதுக் கொக்கி இரண்டு இதோடு வைத்திருக்கிறேன். வளைந்தது பாறைக் குழிக்கு, நேரானது கண்ணாடிக்கு. உடையாமல் எடு. உடைந்தால் உள்ளே இருக்கிறதெல்லாம் தண்ணீரில் கலந்து ஒன்று நூறாகிவிடும். உனக்குத் தெரியாததா.

மாமா எப்படி இருக்கிறார்? அவரிடம் போனைக் கொடுத்தாவது எடுக்கச் சொல். ஆறு நாளாக அடித்துக்கொண்டே இருக்கிறேன்.

தம்பி

---

பிப்ரவரி 12

தம்பிக்கு,

"விட்டுவிடுவோம்" என்று எழுதியிருக்கிறாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு இது ஒரு வியாதி. எதையாவது உடைத்துவிட்டு, யார் உடைத்தது என்ற பேச்சு வேண்டாம், முதலில் பெருக்குவோம் என்பாய். துடைப்பத்தோடு நிற்கிறவள் எப்போதும் நான்தான்.

ஒன்றிரண்டு என்றால் ஒன்றா, இரண்டா, இருபதா? எண்ணி எழுது.

உன் கொக்கி வந்த அன்று முழுக்க எடுத்தேன். ஒவ்வொரு பாறையாகத் தூக்கி, தொட்டித் தண்ணீர் நிரப்பிய வாளியில் வைத்து, உன் வளைந்த கொக்கியால் அடியோடு நெம்பினேன். உன் மாமா டார்ச் பிடித்தார். பிடித்தார் என்று பேர், வெளிச்சம் முழுக்க என் மூக்கில்தான்.

"கொஞ்சம் கீழ காட்டுங்க."

"எனக்கு முட்டி வலிக்குது. நீ பாறைய மேல தூக்கு."

"பாறை ஆறு கிலோ!"

"அப்ப எனக்கு முட்டி ரெண்டு."

பத்து முழுசாக வந்தது. பதினொன்றாவது, ஊதாப் பவளத்தின் கிளைக்கு நடுவில் இருந்தது, கொக்கி பட்டதும் பட்டென்று உடைந்துவிட்டது. கையில் ஒரு சொட்டுப் பச்சைத் தண்ணீர். அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்து போய்ப் பார்க்கிறேன். பார்த்துவிட்டு வந்தால் சரியாகப் பார்த்தேனா என்று திரும்பப் போகிறேன். "அந்தத் தொட்டிக்கு நீ பட்டிருக்கிற கவலையில கால்வாசி எனக்குப் பட்டிருந்தா நான் நூறு வயசு இருப்பேன்" என்கிறார் உன் மாமா. இன்று புதிதாக மூன்று.

இப்போது நான் சொல்வதைக் கேள். சங்கத்தில் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் என் கீழ்த்தொட்டியிலிருந்து ஒரு விதைக்கல் கொடுக்கிறேன். அவர்கள் புதுத் தொட்டியில் அதைப் போட்டால் நல்ல கிருமிகள் அதிலிருந்து பரவித் தண்ணீர் பதமாகும். என் கல்லை நம்பித்தான் தொட்டி ஆரம்பிக்கிறார்கள். அவர்கள் தொட்டி கெட்டால் என் பேரும் கெட்ட மாதிரிதான். அதனால் இரண்டு காரியம்.

முதலாவது, இரண்டு வருஷத்துக்கு முன்னால் வீடு மாறியபோது உன் தொட்டியைப் புதிதாகக் கட்டினாயே, அதிலிருந்து இன்றுவரை அதற்குள் போன ஒவ்வொன்றையும் எழுது. மீன், நத்தை, பவளம், எதுவானாலும். யாரிடம் வாங்கியது, எத்தனை நாள் தனி வாளியில் வைத்தாய். ஒன்று விடாமல். எங்கிருந்து வந்தது என்று நான் கண்டுபிடிக்கிறேன்.

இரண்டாவது, உன் தொட்டியில் குமிழிப் பாசி இருக்கிறது, ஒரு வருஷமாக இருக்கிறது என்று நாற்பது பேருக்கும் நீயே சொல். 22ஆம் தேதிக்குள் நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

அக்கா

---

பிப்ரவரி 20

அக்காவுக்கு,

எண்ணினேன். முப்பத்தாறு. போதுமா?

நீ கேட்ட பட்டியல். கோமாளி மீன் ஜோடி, கடையில் வாங்கியது, ஆறு வாரம் தனித்தொட்டியில் இருந்தது. நத்தை பத்து, அதே கடை, ஓடுகளைப் பிரஷால் தேய்த்து ஐந்து வாரம் வாளியில் வைத்தேன். நம் சங்கத்துச் சலூன்காரர் கொடுத்த பச்சைப் பவளம் ஒன்று. அடிக்கல்லை உடைத்துப் போட்டுவிட்டு வேறு கல்லில் ஒட்டி, ஆறு வாரம் வாளி. சங்கத் தலைவர் கொடுத்த விசிறி மாதிரிப் பவளம், அதுவும் அப்படியே. பழைய வீட்டிலிருந்து வந்த என் சொந்தப் பவளங்கள் எட்டு, அவற்றில் எப்போதும் இந்தப் பாசி இருந்ததில்லை. நீயே வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறாய். மணல் புதுசு, பாக்கெட் மணல். அவ்வளவுதான்.

நாற்பது பேருக்கும் சொல்வது பற்றி. அக்கா, கொஞ்சம் யோசி. தலைவருக்கும் எனக்கும் இரண்டு வருஷமாக ஒத்துப்போகவில்லை. செயலாளர் தொட்டியிலேயே பாசி என்றால் அவர் இதை வைத்தே என்னைக் கிழித்துவிடுவார். நான் இப்படிச் செய்கிறேன். இந்த முறை நான் ஒரு துண்டும் கொண்டுவர மாட்டேன். ஊருக்குப் போகிறேன், உடம்பு சரியில்லை, ஏதாவது சொல்லிக்கொள்கிறேன். என் தொட்டியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே போகாது. காரியம் முடிந்தது இல்லையா?

நான் உன்னிடம் பெரிதாக எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன். எழுதாதே.

பல்செட் பெரியவர் நேற்று வந்து, கடிக்கும்போது இடது பக்கம் இடிக்கிறது என்றார். என் வாழ்க்கையில் இதுவரை ஒரு செட் திரும்பி வந்ததில்லை.

தம்பி

---

பிப்ரவரி 23

தம்பிக்கு,

எழுதிவிட்டேன். நாற்பது அட்டையையும் நேற்று என் கையாலேயே தபால் பெட்டியில் போட்டேன். என்ன எழுதினேன் என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதால் அப்படியே தருகிறேன்:

"செயலாளர் பல்லுக்காரர் தொட்டியில் முப்பத்தாறு குமிழிப் பாசி இருக்கிறது. ஒரு வருஷமாக இருக்கிறது. அதை மறைத்துத் துண்டு கொடுத்திருக்கிறார். எனக்குக் கொடுத்ததில் என் தொட்டியும் கெட்டது. அவரிடமிருந்து எதையும் வாங்க வேண்டாம். ஏற்கெனவே வாங்கியிருந்தால் எடுத்துத் தனியே வையுங்கள். அவர் என் கூடப் பிறந்தவர். அதனால் சொல்லாமல் இருக்க முடியாது."

கடைசி வரியை எடுத்துவிடு என்று உன் மாமா சொன்னார். எடுக்கவில்லை.

உடம்பு சரியில்லை என்று சொல்லிச் சமாளிப்பேன் என்கிறாய். இந்தப் பாசியே அப்படிச் சமாளித்துச் சமாளித்துத்தான் வீடு வீடாகப் போகிறது. ஒருத்தர் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டால் அடுத்தவர் தொட்டி நாசமாகிறது. உன் பட்டியலில் தப்பு எதுவும் தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒழுங்காகத் தனியே வைத்திருக்கிறாய். அப்படியானால் எப்படி வந்தது? ஒன்றை விட்டிருக்கிறாய். என்ன அது?

அக்கா

---

மார்ச் 2

அக்காவுக்கு,

தொட்டியை எடுத்துவிட்டேன்.

உன் அட்டை போய்ச் சேர்ந்த அன்றைக்கே தலைவர் போன் செய்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. மெதுவாகத்தான் பேசினார், அதுதான் தாங்கவில்லை. "அக்காவே எழுதியிருக்காங்க. நாங்க என்ன சொல்றதுக்கு இருக்கு?" என்றார். ராஜினாமாவை அன்றே எழுதிக் கொடுத்தேன். மறுநாள் இரண்டு பேர் வந்து, நான் கொடுத்திருந்த துண்டுகளை ஈரத் துணியில் சுற்றி வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். உள்ளே வரவில்லை. செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

சலூன்காரர் மட்டும் வீட்டுக்குள் வந்தார். மீன்களை அவரிடம் கொடுத்தேன். பாறைகள், பவளங்கள், பழைய வீட்டிலிருந்து வந்த அந்த எட்டு, எல்லாவற்றையும் பெரிய டிரம்மில் போட்டு ப்ளீச்சை ஊற்றினேன். ஒன்பது வருஷமாக வளர்த்தது, பத்து நிமிஷத்தில் வெளுத்துப்போய்விட்டது. இவள் ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு, சமையலறையில் போய் நின்றுகொண்டாள். "மேல இருக்கிற கிளையை மட்டுமாவது வெட்டி வைங்களேன்" என்று சலூன்காரர் கெஞ்சினார். வைக்கவில்லை. வைத்தால், அதில் ஒட்டியிருக்கும் என்று நீ எழுதுவாய்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

பட்டியலில் விட்டது உன் விதைக்கல்.

வீடு மாறியபோது என் பழைய பாறைகள் வண்டியில் காய்ந்துபோனதும், உன் கீழ்த்தொட்டிக் கூடையிலிருந்து எடுத்து ஈரக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாயே, அந்தக் கல். அதை மட்டும் நான் தனி வாளியில் வைக்கவில்லை. கொடுத்தது நீ. அதை வாளியில் வைத்து ஆறு வாரம் வேவு பார்ப்பேனா? நேராகத் தொட்டியில் இறக்கினேன். போன வருஷம் முதல் குமிழியைப் பார்த்தது அந்தக் கல்லின் அடியில்தான். அதிலிருந்துதான் மற்ற பாறைகளுக்குப் போனது.

சொன்னால் நீ தாங்க மாட்டாய் என்று நினைத்தேன். நானே எடுத்துவிடுவேன் என்றும் நினைத்தேன். இரண்டும் தப்பு.

சலூன்காரர் ஒன்று சொன்னார். அவர் தொட்டியிலும் இருக்கிறதாம், ஏழெட்டு. அவர் என்னிடம் எதுவும் வாங்கியதில்லை. "பூதக்கண்ணாடி அம்மா குடுத்த கல்லு ஒண்ணுதான் சார் வெளியிலேர்ந்து வந்தது" என்றார். சங்கத்தில் உன் பட்டப்பேர் அது. இத்தனை நாள் உனக்குத் தெரியாமல் வைத்திருந்தேன்.

தம்பி

---

மார்ச் 5

தம்பிக்கு,

பொய்.

உன்னைப் பொய்க்காரன் என்று சொல்லவில்லை. நீ பார்த்தது தப்பு என்கிறேன். என் கல் இருக்கிற இடம் கீழ்த்தொட்டி. மேல் தொட்டித் தண்ணீர் குழாய் வழியாக இறங்கிச் சுத்தமாகி, பம்பு வழியாக மேலே போகிற இடம். ஸ்டாண்டுக்கு அடியில், இருட்டில் இருக்கிறது. விளக்கு கிடையாது. வெளிச்சம் இல்லாத இடத்தில் பாசி வளராது. இதை உனக்குச் சொன்னதே நான்தான். அதனால்தான் விதைக்கல் கூடையை அங்கே வைத்திருக்கிறேன். யோசித்துச் செய்த ஏற்பாடு அது.

உன் தொட்டிக்குள் இரண்டு வருஷத்தில் எது எதன் மேல் ஒட்டியது என்று உனக்கு எப்படித் தெரியும்? வேறு எதிலிருந்தோ வந்து என் கல்லில் ஒட்டியிருக்கலாம். சலூன்காரர் தொட்டியில் இருப்பது வேறு பாசியாக இருக்கும். அவருக்கு முடிக்கும் பாசிக்கும் வித்தியாசம் தெரியாது.

தொட்டியை எடுக்கச் சொல்லி நான் எழுதவில்லை. என் கடிதங்களைத் திருப்பிப் படித்துப் பார். நாற்பது பேருக்குச் சொல் என்றுதான் எழுதினேன். ப்ளீச் ஊற்றியது உன் கோபம். அந்த எட்டையும் நீ ஊற்றியிருக்கக் கூடாது.

சனிக்கிழமை கீழ்த்தொட்டியை இழுத்து வெளியே வைத்துத் தண்ணீரை இறைத்துப் பார்க்கப் போகிறேன். ஒன்றும் இருக்காது. இல்லை என்று எழுதுவேன்.

அந்தப் பட்டப்பேர் எனக்குத் தெரியும். ஆறு வருஷமாகத் தெரியும்.

அக்கா

---

மார்ச் 7

அக்காவுக்கு,

இது சனிக்கிழமைக்கு முன்னால் வந்து சேருமா தெரியவில்லை. சேராது என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் எழுதுகிறேன்.

கீழ்த்தொட்டியை இழுக்காதே. அது நாற்பது லிட்டர். மாமாவுக்கு முட்டி, உனக்கு முதுகு. கீழ் வீட்டுக்காரர் கூரையில் சொட்டினால் அவர் மாடி ஏறி வருவார்.

இழுத்து என்ன செய்யப்போகிறாய்? என் தொட்டி போய்விட்டது. செயலாளர் பதவியும் போய்விட்டது. சங்கத்தில் எல்லோரும் பாசியைக் கொண்டுவந்தவன் பல்லுக்காரன் என்று முடிவுகட்டிவிட்டார்கள். இனி அது உன் பக்கம் திரும்பி யாருக்கு என்ன ஆகப்போகிறது? பதினான்கு வருஷமாக அந்தச் சங்கத்தில் எல்லோரும் உன்னைக் கேட்டுத்தான் எதையும் செய்கிறார்கள். அது அப்படியே இருக்கட்டும். பழி என்னிடமே இருக்கட்டும். எனக்கு மறைக்க இப்போது தொட்டி கூட இல்லை, பாரமாகத் தெரியவில்லை.

விதைக்கல் கொடுப்பதை மட்டும் சத்தமில்லாமல் நிறுத்திவிடு. போதும்.

முன்னறையில் தொட்டி இருந்த இடத்தில் சுவரில் பெரிய சதுரம் தெரிகிறது. அங்கே மட்டும் பெயின்ட் புதிதாக இருக்கிறது. இவள் அலமாரி போடலாம் என்கிறாள்.

தம்பி

---

மார்ச் 10

தம்பிக்கு,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. சனிக்கிழமையே இழுத்துவிட்டேன்.

இருந்தது.

கூடைக்கு அடியில், பம்புக்குப் பின்னால், கண்ணாடி மூலையில். நாற்பத்தொன்று எண்ணினேன், பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். சில குண்டுமணி அளவு, ஒன்று கோட்டுப் பொத்தான் அளவு. அந்த அளவு வளர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். உன் துண்டு என் வீட்டுக்கு வந்ததே ஜனவரியில்தான். பம்பு அதன் பொடியை எல்லாம் மேலே ஏற்றியிருக்கிறது. மேல் தொட்டியில் நான் பார்த்த பதினொன்றும் என் வீட்டுச் சரக்கு.

வெளிச்சம் எப்படி வந்தது என்று அரை மணி நேரம் அங்கேயே தரையில் உட்கார்ந்திருந்தேன். பம்பு சூடாகிறது என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான்தான் ஸ்டாண்டின் கதவைக் கழற்றிப் பரணில் போட்டேன். சாயங்காலம் நாலு மணிக்கு பால்கனி ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து நேராக அதற்குள் விழுகிறது. அந்த நேரத்தில் நான் தினமும் உள்ளறையில் படுத்திருப்பேன். உன் மாமா பேப்பரைக் கீழே வைக்காமலே, "நாலு மணிக்கு இங்க வெயில் வரும்ல. அதுக்குத்தானே நான் சேரை இங்க போட்டிருக்கேன்" என்றார்.

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"வெயில் வருதுன்னு எவனாவது பொண்டாட்டிகிட்ட வந்து சொல்லுவானா?"

அவரைக் குற்றம் சொல்ல முடியவில்லை. உள்ளே வருகிறதை எல்லாம் முக்கினேன், தேய்த்தேன், வாரக்கணக்கில் தனியே வைத்தேன். வெளியே போகிற கல்லை ஒரு தடவை கூடப் புரட்டிப் பார்க்கவில்லை. ஃபாக்டரியில் எனக்குச் சம்பளம் கொடுத்ததே வெளியே போகிறதைப் பார்ப்பதற்குத்தான். என் வீட்டுப் பொருள் என்றதும் பார்க்கத் தோன்றவில்லை.

கதவைக் கழற்றிய பிறகு ஒன்பது கல் கொடுத்திருக்கிறேன். என் நோட்டில் பேர் இருக்கிறது. அதில் ஒன்று நீ. ஒன்று சலூன்காரர்.

பழி என்னிடமே இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறாய். என் பழியை வைத்துக்கொள்ள நீ யார்? நான் உனக்குக் கொடுக்கவில்லையே. நீ அதை வைத்துக்கொண்டால், மிச்சம் எட்டு வீட்டிலும் பாசி உட்கார்ந்திருக்கும், பல்லுக்காரனிடம் எதுவும் வாங்கவில்லை, நாம் தப்பித்தோம் என்று 17ஆம் தேதி அவர்கள் துண்டுகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நாற்பது வீட்டுக்கும் போகும். சத்தமில்லாமல் நிறுத்து என்றாயே, அதுவும் நடக்காது. உன் தொட்டியைக் கொன்றது என் அட்டை. அதற்கு என்ன வார்த்தை எழுதுவது என்று இரண்டு நாளாகப் பார்க்கிறேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் செய்ய வேண்டியதை எழுதுகிறேன்.

17ஆம் தேதி ஒரு துண்டும் கை மாறக் கூடாது. கூட்டம் நடக்கட்டும், வெறுங்கையோடு வரட்டும். இதை அறிவிக்க வேண்டியவர் தலைவர். நேற்று அவர் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டேன். கூட்டத்தை வேண்டுமானால் தள்ளி வைக்கலாம் என்றார். தள்ளக் கூடாது என்றேன்.

நாற்பது பேருக்கும் புது அட்டை போக வேண்டும். முந்தின அட்டையில் யார் பாசியைக் கொண்டுவந்தது என்று எழுதினேனோ அது தப்பு, கொண்டுவந்தது நான் என்று. எழுத வேண்டியது நான். முப்பத்தொன்று முடிந்தது. மிச்சம் ஒன்பதும் விதைக்கல் வாங்கியவர்கள். அவர்களுக்கு அட்டை போதாது.

அந்த வீடுகளுக்கு, உன் வீட்டைத் தவிர்த்து எட்டுக்கும், கொக்கியும் டார்ச்சுமாக நேரில் போய் நானே கல்லை வெளியே எடுத்து, நானே பார்க்க வேண்டும். இதுவும் நான். டார்ச் பிடிப்பது உன் மாமா. சலூன்காரர் வீட்டுக்கு முதலில். அவரிடம் முடியையும் பாசியையும் பற்றி நான் எழுதியதைச் சொல்லிவிடாதே. நானே சொல்லிக்கொள்கிறேன். ஒரு வீட்டில் நனைந்த கொக்கி காயாமல் அடுத்த வீட்டுக்குப் போகக் கூடாது. எட்டுக் கொக்கி வேண்டும், ஆறு இருந்தால் கூடச் சமாளிப்பேன். அனுப்ப வேண்டியது நீ.

கீழ்த்தொட்டியைக் காய வைத்தாயிற்று. கூடை குப்பைக்குப் போய்விட்டது. பரணிலிருக்கும் கதவை இறக்கி மாட்ட வேண்டியது உன் மாமா. சேரை எங்கே போடுவது என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும். என் மேல் தொட்டியிலிருந்து ஒரு வருஷத்துக்கு எதுவும் யாருக்கும் கிடையாது. கேட்டு வருகிறவர்களிடம் இல்லை என்று சொல்ல வேண்டியது நான்.

உன் ராஜினாமாவைத் தலைவர் திருப்பித் தர வேண்டும். தருவதாக ஒத்துக்கொண்டார். முகத்தைப் பார்த்தால் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. பிடிக்க வேண்டியதில்லை, தந்தால் போதும். செயலாளராக உட்கார்ந்து சங்கத்துக்கு ஒரு விதி எழுத வேண்டியவன் நீ: உள்ளே வருகிறது மட்டுமல்ல, வெளியே போகிறதும் ஆறு வாரம் தனியே இருந்து, கொடுக்கிறவரைத் தவிர வேறொருத்தர் கண்ணால் பார்த்த பிறகுதான் போக வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் உன் தப்பு கரைந்துபோய்விட்டது என்று நினைக்காதே. ஒரு வருஷம் பார்த்துக்கொண்டே வாயை மூடியிருந்தாய். முதல் குமிழியைப் பார்த்த அன்றைக்கே சொல்லியிருந்தால் அதற்குப் பிறகு கொடுத்த ஐந்து கல் வெளியே போயிருக்காது. நான் தாங்க மாட்டேன் என்று நீ முடிவுசெய்தாயே, அது என்னால் தாங்க முடியாததாக இருக்கிறது. 17ஆம் தேதி நான் எழுந்து பேசி முடித்ததும், அடுத்து எழுந்து அதைச் சொல்ல வேண்டியவன் நீ.

சுவர்ச் சதுரத்தில் அலமாரி போட வேண்டாம் என்று உன் மனைவியிடம் சொல்ல வேண்டியது நீ. கடையில் காய்ந்த பாறை வாங்கி, உப்புத் தண்ணீரில் போட்டு, விதைக்கல் இல்லாமல் அதுவாகப் பதமாகட்டும். மூன்று மாதம் ஆகும், ஆகட்டும். ஊதாப் பவளத்தில் நுனிக் கிளை ஒன்றை, அடிக்கல் இல்லாமல், இன்று வெட்டித் தனி வாளியில் வைத்தேன். தினமும் பார்ப்பது நான். உன் தண்ணீர் தயாரானதும் பஸ் ஏறிக் கொண்டுவருவதும் நான்.

கொண்டுவந்து நீட்டும்போது, அக்கா கொடுத்தது என்று நேராகத் தொட்டியில் இறக்காதே. என் கண்ணெதிரிலேயே வாளியில் போடு. ஆறு வாரம் வை. திருப்பிப் புரட்டிப் பார். நான் கோபித்துக்கொண்டாலும் பார். இதைச் செய்ய வேண்டியவன் நீ.

அக்கா